ஆர்கேட் போர்டை இன்றைய டிவியுடன் இணைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரத்தின் மரப்பெட்டியையும் பிக்சர் டியூபையும் விட்டுவிட்டு, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டை மட்டும் வாங்கி வீட்டு டிவியில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானோர் எந்தக் கன்வெர்ட்டரை வாங்குவது என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் கன்வெர்ட்டரின் மீது சுமத்தப்படும் குறைகளில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே, அதாவது மின்சாரத்திலும் சிக்னலின் அளவிலும் சிங்க்கிலும் (ஒவ்வொரு கோடும் ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிக்னல்) இருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே கன்வெர்ட்டரைப் பற்றிய கேள்வி இங்கே சற்றுத் தாமதமாகவே வருகிறது.

போர்டிலிருந்து டிவிக்கு நேராக ஒரு கேபிள் போட முடியாதா?

முடியாது. பிளக்கின் வடிவம் பொருந்தவில்லை என்பது மட்டும் சிக்கலாக இருந்தால் ஓர் அடாப்டர் போதும். மூன்று அடிப்படை விஷயங்களே பொருந்தவில்லை. முதலாவது, 1980களின் போர்டுகளில் பெரும்பாலானவை வினாடிக்கு ஏறத்தாழ 15,600 கிடைக்கோடுகளை அனுப்புகின்றன; இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் போர்டு என்கிறோம். டிவியின் பின்புறம் விஜிஏ துளை இருந்தாலும், அது 31.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவான எதையும் பொதுவாக ஏற்பதில்லை. இரண்டாவது, வீட்டுச் சாதனங்கள் 75 ஓம் தடையில் 0.7 வோல்ட் வண்ண சிக்னலை எதிர்பார்க்கின்றன. ஆர்கேட் போர்டோ ஆர்கேட் மானிட்டரை மனத்தில் வைத்து, 3 வோல்ட்டுக்கும் மேல் கூட அனுப்புகிறது. மூன்றாவது, போர்டு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் அனுப்பும் என்பது துல்லியமாக 60 அல்ல. சில ஆட்டங்களில் அது 55க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கன்வெர்ட்டர் தீர்ப்பது முதல் சிக்கலை முழுமையாகவும் மூன்றாவதை அரைகுறையாகவும்தான். இரண்டாவதை நாம்தான் தீர்த்தாக வேண்டும்.

ஜாமா என்கிறார்களே, அது என்ன? படம் எந்த முனையில் வருகிறது?

ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமே ஜாமா. அந்தச் சங்கம் 1985இல் வகுத்த பொது வயரிங் முறையும் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பை வைத்திருந்ததால், ஆட்டத்தை மாற்றினால் பெட்டியின் வயரிங்கையே மாற்ற வேண்டியிருந்தது. ஜாமா போர்டின் விளிம்பில் பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனைகள் உண்டு. மின்சாரம், படம், ஒலி, இரண்டு ஆட்டக்காரர்களின் பட்டன்கள், நாணயச் சுவிட்ச் ஆகிய அனைத்தும் அதன் வழியாகவே செல்கின்றன.

பாகங்கள் தெரியும் பக்கத்தில் 12ஆம் முனை சிவப்பு, 13ஆம் முனை நீலம், 14ஆம் முனை வீடியோ கிரவுண்ட். சிவப்புக்கு நேர் பின்னால், சால்டர் பக்கத்தில், பச்சை இருக்கிறது. நீலத்துக்கு நேர் பின்னால் சிங்க் இருக்கிறது. இந்த ஐந்து வயர்களும்தான் நம் வேலைக்குத் தேவையான படம் முழுவதும்.

கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க 7ஆம் முனையின் இடத்தில் ஒரு தடுப்புத் துண்டு இருக்க வேண்டும். மலிவான கனெக்டர்களில் அது இருப்பதில்லை. தலைகீழாகச் செருகினால் இரு ஓரங்களிலும் கிரவுண்டே இருப்பதால் உடனே எதுவும் புகையாது. ஆனால் 12 வோல்ட் வயர் போய்த் தொடுவது இரண்டாவது பட்டனின் முனையை. 5 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட ஓர் உள்ளீட்டு ஐசி அதைத் தாங்காது. தடுப்புத் துண்டு தனியாகக் கிடைக்கிறது. போர்டு வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுவது நல்லது.

சூப்பர்கன் என்பது கட்டாயம் தேவையா?

பெயரில் துப்பாக்கி இருந்தாலும் அதற்கும் துப்பாக்கிக்கும் தொடர்பில்லை. மின்சாரத்தை உள்ளே கொடுத்து, படத்தையும் ஒலியையும் வெளியே எடுத்து, ஜாய்ஸ்டிக்கை இணைக்க உதவும் இடைப்பெட்டியையே அப்படி அழைக்கிறார்கள். சால்டரிங் கைவந்தவர்கள் ஒரு ஜாமா கனெக்டரை வாங்கித் தாமே வயர் இழுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள், சிக்னல் அளவைக் குறைக்கும் சர்க்யூட் உள்ளேயே அமைந்த ஒரு சூப்பர்கன்னை வாங்குவது நல்லது. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்ணங்களும் சிங்க்கும் 75 ஓம் அளவுக்குக் குறைக்கப்பட்டு வருகின்றனவா? இதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அதை வாங்க வேண்டாம்.

மின்சாரம் எவ்வளவு தேவை? கணினியின் எஸ்எம்பிஎஸ் போதாதா?

போர்டின் உயிர் 5 வோல்ட்டில்தான் இருக்கிறது. ஒலி ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட்டும், சில பழைய போர்டுகளுக்கு மட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். கணினி எஸ்எம்பிஎஸ் வேலை செய்யும் என்றாலும், அதில் இரண்டு குறைகள் உண்டு: புதியவற்றில் மைனஸ் 5 வோல்ட் வருவதே இல்லை, 5 வோல்ட்டை ஏற்றி இறக்கும் திருகும் இல்லை. அந்தத் திருகு ஏன் தேவை என்பது மல்டிமீட்டரைப் பிடித்துப் பார்த்தால் புரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் முனையில் 5.02 வோல்ட் காட்டும் மீட்டர், மெல்லிய வயரையும் கறுத்துப்போன கனெக்டரையும் கடந்து போர்டில் உள்ள ஓர் ஐசியின் காலில் வைத்தால் 4.7 காட்டக்கூடும். அந்தத் தலைமுறை ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வரைதான் அனுமதி. குறைந்தால் ஆட்டம் தானாக மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் கன்வெர்ட்டர் படத்தை விட்டு விட்டுக் காட்டுகிறது என்று நினைப்பார்.

எனவே அளவை எப்போதும் போர்டின் மேலேயே, போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆர்கேட்டுக்கென விற்கும் எஸ்எம்பிஎஸ்களில் அந்தத் திருகு இருக்கும். அவற்றின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிறிய சுவிட்சும் இருப்பதுண்டு. நம் ஊரில் பிளக்கைச் செருகும் முன் அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வாழ்நாள் ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும்.

வண்ண சிக்னலை எப்படிக் குறைப்பது? குறைக்காவிட்டால் என்ன ஆகும்?

குறைக்காவிட்டால் வெளிர் நிறங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து வெள்ளைத் திட்டாகிவிடும். கன்வெர்ட்டரின் உள்ளீட்டுச் சிப்பும் தன் வரம்புக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கும். எளிய வழி, ஒவ்வொரு வண்ண வயரிலும் தொடராக ஒரு ரெசிஸ்டர் போடுவது. கன்வெர்ட்டரின் உள்ளே 75 ஓம் இருப்பதால் இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. போர்டு 3 வோல்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 0.7 வோல்ட் கிடைக்க வெளியே மொத்தம் சுமார் 246 ஓம் தேவை. 4 வோல்ட் என்றால் சுமார் 354 ஓம். போர்டின் சொந்தத் தடையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதாலும், அது போர்டுக்குப் போர்டு மாறும் என்பதாலும், நிலையான ரெசிஸ்டருக்குப் பதிலாக 500 ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) ஒன்றை ஒவ்வொரு வண்ணத்துக்கும் வைப்பதே வசதி. பல போர்டுகளை மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள், பிரீசெட்டுக்குப் பின் டிஎச்எஸ்7374 போன்ற ஒரு வீடியோ ஆம்ப்ளிஃபயர் ஐசியை வைத்தால் போர்டின் மீது 75 ஓமின் சுமை விழாது. இருண்ட காட்சிகளின் நிறமும் சாயாது.

பிரீசெட்டைத் திருப்பும்போது ஆட்டத்தின் காட்சியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம்; கண் ஏமாற்றும். பெரும்பாலான போர்டுகளில் 15ஆம் முனையைக் கிரவுண்டுடன் தொட்டாலோ, போர்டின் மீதுள்ள டிப் சுவிட்சை மாற்றினாலோ சோதனைத் திரை வரும். அதில் ஒவ்வொரு வண்ணமும் கறுப்பிலிருந்து உச்சம் வரை படிப்படியாக ஏறும் பட்டைகளாக நிற்கும். முதலில் மூன்று பிரீசெட்டுகளையும் முழுமையாகக் குறைத்துவிட்டு, சிவப்பை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். கடைசி இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள கோடு மறையும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து ஒரு மயிரிழை பின்னால் வந்து நிறுத்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அவ்வாறே செய்தபின் சாம்பல் பட்டையைப் பாருங்கள். அதில் எந்த நிறத்தின் சாயலும் தெரியாவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது. சாதாரண மல்டிமீட்டர் சராசரியை மட்டும் காட்டும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். 1981இல் வந்த டாங்கி காங் போன்ற நின்டென்டோவின் ஆரம்பகால போர்டுகள் வண்ணங்களைத் தலைகீழாக அனுப்பின. அவற்றுக்கான மானிட்டர் அதைத் திருப்பிக்கொண்டது. அந்தப் படம் டிவியில் ஃபிலிம் நெகட்டிவ் போலத் தெரிந்தால் போர்டு பழுது அல்ல, இடையில் ஒரு இன்வெர்ட்டர் சர்க்யூட் வேண்டும் என்றுதான் பொருள்.

சிங்க் வயருக்கும் ரெசிஸ்டர் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள், நானும் மறந்தவன்தான். போர்டின் சிங்க் 5 வோல்ட் டிஜிட்டல் சிக்னல். ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளில் இருந்த, வண்ணங்களைத் தனித்தனியாக ஏற்கும் இணைப்பு) உள்ளீட்டில் வர வேண்டியது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. தொடராக 470 ஓம் போட்டால் 75 ஓமின் மீது 0.69 வோல்ட் விழும். கன்வெர்ட்டர் அதை நிம்மதியாக ஏற்கும். அதைப் போடாமல் நான் இணைத்த ஒரு கன்வெர்ட்டர் மூன்று வாரம் ஒழுங்காகவே ஓடியது. பிறகு படத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கமாக வளையத் தொடங்கியது, ஒரு நாள் திரை கறுப்பானது. ரெசிஸ்டரின் விலை ஒரு ரூபாய். அன்றிலிருந்து சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் 470 ஓம் ரெசிஸ்டரில் ஒரு கட்டு சேர்த்து வாங்கிவிடுகிறேன்.

மேல்விளிம்பு வளைவது எப்போதும் இந்தக் காரணத்தால் வருவது அல்ல. செங்குத்து சிங்க் வரும் சில கோடுகளின்போது பழைய போர்டுகள் கிடை சிங்க்கை ஒழுங்காக அனுப்புவதில்லை. பிக்சர் டியூப் மானிட்டர் அதைப் பொருட்படுத்தாது. டிஜிட்டல் கன்வெர்ட்டரோ தடுமாறி, முதல் பத்துப் பதினைந்து கோடுகளைத் தவற விடும். ஓஎஸ்எஸ்சி போன்ற கன்வெர்ட்டர்களில் பிரீ-கோஸ்ட், போஸ்ட்-கோஸ்ட் என்ற இரண்டு அமைப்புகள் இதற்காகவே உள்ளன. சிங்க்கின் முன்னும் பின்னும் எத்தனை கோடுகளைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்ல வேண்டும் என்பதை அவை குறிக்கின்றன. ஜாமாவுக்கு முந்தைய சில போர்டுகளில் கிடை, செங்குத்து சிங்க்குகள் தனித்தனியாக வரும். அவற்றை ஒரு 74எல்எஸ்86 ஐசி கொண்டு ஒன்றாக்கலாம்.

சரி, எந்தக் கன்வெர்ட்டரை வாங்குவது?

கையில் உள்ள பணத்தையும், ஆட்டம் எவ்வளவு வேகமானது என்பதையும் பொறுத்தது.

மிக மலிவானது ஜிபிஎஸ்-8200. ஆர்கேட் பெட்டியில் பழுதான பிக்சர் டியூபுக்குப் பதிலாக எல்சிடி மானிட்டர் வைப்பதற்காகவே பரவலான பச்சைப் போர்டு இது. வண்ணங்களைச் சரிசெய்ய இதிலேயே மூன்று பிரீசெட்டுகள் உண்டு, வெளியீடு விஜிஏ மட்டுமே. எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் இன்னொரு அடாப்டரைச் சேர்க்க வேண்டும். வாங்கிய நிலையில் இதன் படம் மங்கலாகவும், அசைவில் சிதறியும் இருக்கும். ஆனால் இதன் உள்ளே இருக்கும் ட்ரூவியூ 5725 சிப் திறமையானது. ஒரு இஎஸ்பி8266 மைக்ரோகண்ட்ரோலரைச் சேர்த்து, ஜிபிஎஸ்-கண்ட்ரோல் என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினால், அதே பச்சைப் போர்டு பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு அருகில் வந்து நிற்கிறது. சால்டரிங் தெரிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

அடுத்தது ஓஎஸ்எஸ்சி. மார்கஸ் ஹீயென்காரி வடிவமைத்த இந்தத் திறந்த மூலக் கருவி எந்த ஃபிரேமையும் சேமித்து வைப்பதில்லை. ஒரு கோடு வந்தவுடன் அதையே இரண்டு முதல் ஐந்து முறை வரை எழுதி அனுப்பிவிடுகிறது. அதனால் தாமதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. போர்டின் ஃபிரேம் வேகம் எதுவோ அதுவே டிவிக்கும் போகிறது. இது வரமா சாபமா என்பது உங்கள் டிவியைப் பொறுத்தது.

மூன்றாவது வகை, மைக் சி வடிவமைத்த ரெட்ரோடிங்க் வரிசை. 2021இல் வந்த 5எக்ஸ் மாதிரி, ஃபிரேமைச் சேமித்தும் ஓட்டும், போர்டின் வேகத்தோடு பூட்டியும் ஓட்டும். டிவி எதற்கு இணங்குகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். விலை அதிகம், தலைவலி குறைவு.

இணையச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஸ்கார்ட்-எச்டிஎம்ஐ பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் சில, ஸ்கார்ட் துளை இருந்தும் அதன் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முனைகளைத் தொடுவதே இல்லை. எல்லா வண்ணங்களும் ஒரே வயரில் கலந்து வரும் காம்போசிட் சிக்னலை மட்டுமே படிக்கின்றன. தவிர்த்துவிடுங்கள்.

மலிவான கன்வெர்ட்டரில் நிழலும் அடிபட்ட பாத்திரமும் மறைந்துபோகின்றனவே, ஏன்?

ஆர்கேட் போர்டு அனுப்புவது 240பி (240p). ஒவ்வொரு முறையும் அதே 240 கோடுகள் முழு ஃபிரேமாக வருகின்றன. அக்காலத் தொலைக்காட்சி ஒளிபரப்போ 480ஐ (480i); ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை. இரண்டின் கோட்டு வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், மலிவான கன்வெர்ட்டர் 240பியையும் 480ஐ என்றே எண்ணி, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுகிறது. ஓடும் பாத்திரத்தின் விளிம்பில் சீப்புப் பற்கள் போல் தெரிவது இதனால்தான்.

நிழலின் கதை இன்னும் சுவையானது. அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிழலை வரையும் வசதி அன்றைய வன்பொருளில் இல்லாததால், ஒரு ஃபிரேமில் நிழலை வரைந்து அடுத்த ஃபிரேமில் வரையாமல் விடுவார்கள். வினாடிக்கு முப்பது முறை மினுங்கும் அந்தக் கறுப்பு, பிக்சர் டியூபில் கண்ணுக்குச் சாம்பல் நிழலாகத் தெரிந்தது. அடிபட்டவுடன் மினுங்கும் பாத்திரமும் அப்படித்தான். ஒற்றை விட்டு ஒற்றை ஃபிரேமை மட்டும் எடுக்கும் கன்வெர்ட்டரில் அந்த நிழல் ஒன்று முழுக் கறுப்பாக நிற்கும், அல்லது அறவே மறைந்துவிடும். ஒரு கன்வெர்ட்டரைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி அதன் காலடியைப் பாருங்கள்.

படம் சில நொடிக்கு ஒரு முறை இடறுகிறது, அல்லது டிவி 'சிக்னல் இல்லை' என்கிறது. காரணம் என்ன?

ஃபிரேம் வேகம்தான் காரணம். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடும் கேப்காம் சிபிஎஸ் வன்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் பிக்சல் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு கோட்டுக்கு, கண்ணில் படாதவற்றையும் சேர்த்து, 512 பிக்சல். ஒரு ஃபிரேமுக்கு 262 கோடுகள். வகுத்தால் வினாடிக்கு 59.64 ஃபிரேம்கள். எஸ்என்கேயின் நியோ ஜியோ எம்விஎஸ் போர்டில் 6 மெகாஹெர்ட்ஸ், 384 பிக்சல், 264 கோடுகள், விடை 59.19. ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப், 1987ஆம் ஆண்டு ஆட்டம், 8 மெகாஹெர்ட்ஸும் 512 பிக்சலும் கொண்டிருந்தாலும் ஒரு ஃபிரேமுக்கு 284 கோடுகளை எடுத்துக்கொள்கிறது, ஆகவே 55.02. மூன்றிலும் கோட்டு வேகம் துல்லியமாக 15.625 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதைக் கவனியுங்கள். மானிட்டர் பார்த்தது அதை மட்டுமே. ஃபிரேம் 55 ஆனாலும் 60 ஆனாலும் அதற்குக் கவலையில்லை, வடிவமைப்பாளர்களும் கவலைப்படவில்லை.

டிவி கவலைப்படுகிறது. ஃபிரேமைச் சேமிக்கும் கன்வெர்ட்டர் 60 ஆக மாற்றி அனுப்பும்போது, குறையும் ஃபிரேம்களுக்காக ஏற்கெனவே காட்டியதை மறுபடி காட்டுகிறது. நியோ ஜியோவில் ஒன்றேகால் வினாடிக்கு ஒரு முறை அது நிகழ்வதால் கவனித்தால் மட்டுமே தெரியும்; ஆர்-டைப்பில் வினாடிக்கு ஐந்து முறை, பின்னணி நகரும்போது கண்ணை உறுத்தும். ஓஎஸ்எஸ்சி போல் 55ஐ அப்படியே அனுப்பினால் இடறல் இல்லை, ஆனால் பல டிவிகள் அதை மறுத்துவிடும். கணினி மானிட்டர்கள் இதில் பெருந்தன்மையானவை. டிவி மறுத்தால் முதலில் பெருக்கத்தை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்; 480பியை ஏற்கும் டிவிகள் அதிகம்.

பட்டனை அழுத்தியபின் தாமதமாக அடிக்கிறதே?

ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லிவினாடி. ஓஎஸ்எஸ்சி சேர்ப்பது சில கோடுகள் மட்டுமே, ஒரு கோடு 64 மைக்ரோவினாடி. 480ஐ என்று எண்ணிப் பின்னும் கன்வெர்ட்டர்கள் ஓரிரு ஃபிரேம்களைச் சேர்க்கும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி டிவியே. படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்காக அது பல ஃபிரேம்களைப் பிடித்து வைக்கிறது. டிவியின் கேம் மோடை இயக்கிவிட்டு, அதன்பின்னும் தாமதம் இருந்தால் கன்வெர்ட்டரைப் பாருங்கள்.

படம் அகலமாக இழுபட்டுத் தெரிகிறது. சரியான வடிவம் எது?

எத்தனை பிக்சல் என்பதைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யக் கூடாது. சிபிஎஸ் போர்டு 384க்கு 224, நியோ ஜியோ 320க்கு 224. இரண்டுமே 4:3 திரைக்காக வரையப்பட்டவை. டிவியை 4:3இல் வையுங்கள். 1080 கோடுகள் உள்ள டிவியில் 224ஐ நான்கால் பெருக்கினால் 896, மேலும் கீழும் கறுப்புப் பட்டை நிற்கும். ஐந்தால் பெருக்கினால் 1120, மேலும் கீழும் ஆட்டத்தின் நான்கு நான்கு கோடுகள் வெட்டுப்படும். அந்த ஓரங்களில் மதிப்பெண் இல்லாத ஆட்டமென்றால் நான் ஐந்தையே தேர்வேன். ஓஎஸ்எஸ்சியில் செங்குத்தாக மங்கலான பட்டைகள் தெரிந்தால், ஒரு கோட்டில் எத்தனை பிக்சல் எடுக்க வேண்டும் என்ற எண்ணை முன் சொன்ன 512 அல்லது 384க்கு மாற்றினால் எழுத்துகள் கத்தி போல் கூர்மையாகிவிடும்.

பாக்-மேன் போன்ற நெடுக்குத் திரை ஆட்டங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. திருப்ப முடியாதா?

அந்த ஆட்டங்களின் பெட்டியில் பிக்சர் டியூபே 90 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டிருந்தது. போர்டு படத்தைப் படுத்தபடிதான் அனுப்புகிறது. படத்தைத் திருப்ப வேண்டுமானால் ஒரு முழு ஃபிரேமைச் சேமித்தாக வேண்டும். கோடு கோடாக அனுப்பும் ஓஎஸ்எஸ்சியால் அது இயலாது. சுழலும் தாங்கியில் ஒரு கணினி மானிட்டரை வைத்துத் திருப்பிக்கொள்வதுதான் எளிது.

ஒலியை டிவிக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஜாமாவின் 10ஆம் முனையும் அதன் பின்முனையும் நேராக ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்கப்பட்ட ஒற்றைத்தட ஒலியைத் தருகின்றன. டிவியின் ஆடியோ துளைக்கு அது மிக அதிகம். மேலும், ஸ்பீக்கரின் மைனஸ் முனை எல்லா போர்டுகளிலும் கிரவுண்ட் அல்ல. சிலவற்றில் இரு முனைகளும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே வருகின்றன, அவற்றில் ஒன்றைக் கிரவுண்டுடன் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் ஐசி வெந்துபோகும். இடையில் ஒரு சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரையும் வால்யூம் கண்ட்ரோலையும் வைப்பது பாதுகாப்பு. அல்லது எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்றை நேராக இணைத்து டிவிக்குக் கீழே வைத்துவிடலாம். உண்மையைச் சொன்னால் அந்த ஒலிதான் எனக்குப் பிடிக்கிறது.

எந்தக் கன்வெர்ட்டராலும் முடியாத ஆட்டங்கள் உண்டா?

உண்டு. அடாரியின் ஆஸ்டெராய்ட்ஸ், 1979, கோடு கோடாகத் திரையை நிரப்புவதில்லை. எலெக்ட்ரான் கற்றையைப் பேனா போல் நகர்த்தி உருவங்களை வரைகிறது. அங்கே கன்வெர்ட்டருக்குப் பிடிமானமே இல்லை. கற்றை கடக்கும் நொடியைக் கண்டு குறிபார்க்கும் ஒளித்துப்பாக்கிகளும் எல்இடி திரையில் வேலை செய்யா.

மறுபக்கம், சேகாவின் 1998ஆம் ஆண்டு நவோமி போர்டு 31 கிலோஹெர்ட்ஸ் விஜிஏ தருகிறது; சாதாரண விஜிஏ-எச்டிஎம்ஐ அடாப்டரே போதும். சேகா மாடல் 2 போன்றவை இரண்டுக்கும் இடையில் 24 கிலோஹெர்ட்ஸில் நிற்பவை. வாங்கும் கன்வெர்ட்டர் அந்த வேகத்தை ஏற்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

முழு ஆர்கேட் பெட்டி இருக்கிறது. அதன் பழைய மானிட்டரோடு கன்வெர்ட்டரையும் சேர்த்து இணைக்கலாமா?

பழக்கம் இல்லாதவர்கள் மானிட்டரின் பக்கமே போக வேண்டாம். பிக்சர் டியூபின் மேல் 20,000 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம், நிறுத்திய பின்னும் தங்கியிருக்கக்கூடும். பல மானிட்டர்களின் சேசிஸ் மின்சார லைனிலிருந்து பிரிக்கப்பட்டதே அல்ல. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதன் கிரவுண்டை டிவியின் கிரவுண்டுடன் சேர்த்தால் இரண்டும் போகும், இடையில் கை இருந்தால் கையும் போகும். போர்டைக் கழற்றி எடுத்து வெளியே ஓட்டுங்கள்.

எல்லாம் இணைத்தும் திரை கறுப்பாகவே இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஒலியில் தொடங்குங்கள். ஸ்பீக்கரை இணைத்து, நாணய முனையைக் கிரவுண்டுடன் ஒரு கணம் தொட்டால் நாணய ஓசை வர வேண்டும். வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் போர்டின் மீது 5 வோல்ட்டை அளவிடுங்கள், விளிம்பின் தொடுமுனைகளைச் சாதாரண அழிப்பானால் தேய்த்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஓசை வந்தும் படம் இல்லையென்றால் பச்சை வயரும் சிங்க் வயரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தடுத்து இருப்பதால் அடிக்கடி நடக்கும் தவறு அது. அதுவும் சரியென்றால், 240பி தரும் பழைய வீட்டு கேம் கருவி ஒன்றை அதே கன்வெர்ட்டரில் செருகுங்கள். அதன் படம் வந்துவிட்டால், மறுபடி 470 ஓம் ரெசிஸ்டரின் சால்டருக்குத் திரும்புங்கள்.